ஒன்றரை நிமிடத்துக்கு மூன்று மாதம்

வாசகர் கேள்வி-பதில்: அமெச்சூர் பால்ரூம் போட்டிகள்

வடசென்னையில் வால்ட்ஸ், சா-சா-சா மாதிரி பால்ரூம் எனப்படும் மேற்கத்திய ஜோடி நடனங்களைக் கற்றுக்கொள்கிற வாசகர்கள், போட்டிக்குப் போவது பற்றிக் கேட்டு எழுதிய கடிதங்களில் சில இங்கே. ஜோடி நடனம் சொல்லித் தருகிறவர்களும், போட்டிகளில் மார்க் போட்டுப் பழகியவர்களும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள்.

கொளத்தூர் வாசகர்: ஒரு வருஷமா சனி, ஞாயிறு பால்ரூம் கிளாஸ் போறேன். மாஸ்டர் போட்டிக்குப் பேர் கொடுக்கச் சொல்றார். பரிசுப் பணம் கிடையாது, நுழைவுக் கட்டணமும் நாமதான் கட்டணும். இதுல எனக்கு என்ன சார் லாபம்?

காசுக் கணக்கு பார்த்தால் நஷ்டம்தான். நுழைவுக் கட்டணம், ஷூ, துணி, போட்டி வெளியூரில் என்றால் ரயில் டிக்கெட் எல்லாமே உங்கள் பாக்கெட்டில் இருந்துதான் போகும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஸ்டெப் முக்கால்வாசி வந்ததும் அடுத்ததுக்குத் தாவிவிடுகிறோம். வருஷக் கடைசியில் நாற்பது ஸ்டெப் தெரியும், ஆனால் எதையும் முழுசாக ஆட வராது. வால்ட்ஸின் போட்டி வேகம் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று, வால்ட்ஸில் மூன்று தட்டு). பாட்டு ஒன்றரை நிமிடம் ஓடினால் சுமார் 45 பார். வகுப்பில் 45 பார் நிற்காமல், ‘சாரி’ சொல்லாமல், முதலில் இருந்து தொடங்காமல் கடைசியாக எப்போது ஆடினீர்கள்? பெரும்பாலானவர்கள் ஆடியதே இல்லை. போட்டித் தேதி ஒன்று காலண்டரில் ஏறிவிட்டால் இதைச் செய்தே ஆகவேண்டும். இரண்டே நடனம், ஒவ்வொன்றிலும் ஆறிலிருந்து எட்டு ஸ்டெப், அவ்வளவுதான். அந்தப் பதினாறு ஸ்டெப்பும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கால் போடுகிற அளவுக்கு ஊறிவிடும். வகுப்பு மட்டும் போகிறவருக்கு இரண்டு வருஷத்தில் வருவது போட்டிக்குத் தயாராகிறவருக்கு மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது.

இரண்டாவது லாபம், முன்பின் தெரியாத ஐந்து பேர் உங்களைப் பார்த்து மார்க் போடுவது. மாஸ்டருக்கு உங்கள் தவறுகள் பழகிவிட்டன. தினமும் பார்க்கிற முகத்தில் மரு தெரியாத மாதிரி. வெளியாள் கண்ணுக்கு அதுதான் முதலில் தெரியும். பெரும்பாலான போட்டிகளில் எந்த நடனத்துக்கு எத்தனை ஜட்ஜ் உங்களை அடுத்த சுற்றுக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று முடிவுத்தாளில் வரும். வால்ட்ஸுக்கு நாலு பேர் டிக் போட்டு, டேங்கோவுக்கு ஒரே ஒருவர்தான் போட்டார் என்றால் அடுத்த மூன்று மாதம் எதற்கு நேரம் ஒதுக்கவேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பயம். முதுகில் நம்பர் குத்திக்கொண்டு ஆடுகிற தரையில் இறங்கியதும் மூச்சு மேலேறும், தோள் காதுக்கு வந்துவிடும், பாட்டு வேகமாகக் கேட்கும். வகுப்பில் வருவது அங்கே பாதிதான் வரும். அந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்வதற்கே முதல் போட்டி. மெடலுக்காகப் போவதென்றால் இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள். முடிவுத்தாளுக்காக என்றால் மாஸ்டர் சொன்னதும் பேர் கொடுங்கள்.

திருவொற்றியூர் வாசகி: ஃபைனலில் ஐந்து ஜட்ஜும் எங்களுக்கு இரண்டாம் இடம் போட்டார்கள். கூட்டினால் 10. ஜெயித்த ஜோடிக்கு 1, 1, 1, 5, 6. கூட்டினால் 14. குறைவான எண்ணிக்கைக்குத்தானே பரிசு வரவேண்டும்? தப்பு நடந்துவிட்டதா?

தப்பு நடக்கவில்லை. பால்ரூம் ஃபைனலில் மார்க்கைக் கூட்டுவதில்லை. ‘ஸ்கேட்டிங் சிஸ்டம்’ என்ற முறை. பெயர்தான் அப்படி, சறுக்கு விளையாட்டைப் பற்றியது இல்லை. இங்கிலாந்துப் போட்டிகளில் 1937 முதல் இருக்கிறது. ஜட்ஜுகளின் பெரும்பான்மைதான் இதில் பேசும்.

ஐந்து ஜட்ஜ் என்றால் பெரும்பான்மை மூன்று. முதலில் ‘யாருக்கு மூன்று பேராவது 1 போட்டார்கள்?’ என்று பார்ப்பார்கள். அந்த ஜோடிக்கு மூன்று 1 இருக்கிறது, முதலிடம் முடிந்தது. மீதி இரண்டு ஜட்ஜ் 5, 6 போட்டதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அடுத்து ‘யாருக்குப் பெரும்பான்மை ஜட்ஜுகள் 1 அல்லது 2 போட்டார்கள்?’ உங்களுக்கு ஐந்துமே. ஆகவே இரண்டாம் இடம். மற்ற இரண்டு ஜட்ஜின் 1 போன ஜோடிக்கு மீதி மூன்று பேர் 3, 4 என்று போட்டிருப்பார்கள். அதனால் அவர்கள் உங்களுக்குக் கீழே.

ஒரே ஒரு ஜட்ஜுக்கு ஒருவரைப் பிடித்துப்போனாலோ பிடிக்காமல் போனாலோ முடிவு கெடக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. ஜட்ஜ் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருப்பது, அவர்கள் சரிபாதியாகப் பிரிந்துவிடக்கூடாது என்பதற்காக. உங்கள் தாளில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஐந்து பேரும் ஒரே மாதிரி 2 போடுவது லேசில் நடக்காது. பார்த்த அத்தனை பேருக்கும் உங்கள் ஆட்டம் சுத்தமாகத் தெரிந்திருக்கிறது, ஒருவரையும் அசைக்கவில்லை. இனிமேல் புது ஸ்டெப் சேர்க்காதீர்கள். இருக்கிற ஸ்டெப்பை இன்னும் பெரிதாக, இன்னும் அழுத்தமாக ஆடுங்கள்.

வியாசர்பாடி வாசகர்: எனக்கு டப்பாங்குத்து நல்லா வரும். ஏரியால சாவு, கல்யாணம் எல்லாத்துக்கும் நான்தான் முன்னாடி. சா-சா-சா கத்துக்கிட்டு லத்தீன் போட்டிக்குப் போலாம்னு இருக்கேன். குத்து உதவுமா, கெடுக்குமா?

ரெண்டும் செய்யும். தாளத்தைக் காதில் வாங்கி உடம்பில் போடத் தெரிந்தவருக்குப் பாதிப் படிப்பு முடிந்துவிட்டது. மூச்சும் தாங்கும். சா-சா-சா, சம்பா மாதிரியே லத்தீன் பிரிவில் வருகிற ஜைவ், போட்டியில் நிமிடத்துக்கு 42 முதல் 44 பார். ஒரு பாருக்கு நாலு தட்டு என்றால் நிமிடத்துக்கு 170 தட்டுக்குப் பக்கம் வரும். நாலு நடனம் முடித்துவிட்டுக் கடைசியில் இதை ஆடும்போது, மண்டப ஏசியில் மட்டும் ஆடிப் பழகியவர்களுக்கு நாக்கு தள்ளிவிடும். மேளத்துக்கு முன்னால் தெரு நீளத்துக்கு ஆடிப் பழகியவருக்கு அந்தத் தொல்லை குறைவு.

கெடுக்கும் இடம் தாளக்கட்டும் முழங்காலும். குத்து பெரும்பாலும் திஸ்ர நடை: தகிட, தகிட. சா-சா-சா சுத்தமான சதுஸ்ரம், தகதிமி. அதிலும் ஒரு வம்பு உண்டு. பாட்டின் ஒன்றாவது தட்டில் புது ஸ்டெப் தொடங்காது. இரண்டில் ஒரு அடி, மூன்றில் ஒரு அடி, நாலாவது தட்டை இரண்டாக வெட்டி இரண்டு அடி, அடுத்த பாரின் ஒன்றில் முடிக்கிற அடி. வாயால் சொல்லிப் பாருங்கள்: ‘தா, தா, தக, தா’. அந்தக் கடைசித் ‘தா’ விழும் இடம்தான் பாட்டில் கனமான தட்டு. புதிதாக வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் கனமான தட்டைக் கேட்டதும் அங்கே தொடங்கிவிடுவார்கள். பாட்டு முடியும் வரை தாளம் தப்பியே ஓடும். தாளம் தப்பிய ஜோடியிடம் வேறு எது நன்றாக இருந்தாலும் ஜட்ஜ் கடைசியில்தான் வைப்பார்.

குத்தில் முழங்கால் மடங்கி, உடம்பு கீழே இறங்கி, மேலும் கீழுமாகக் குதிக்கும். சா-சா-சாவில் தலை ஒரே மட்டத்தில் போகவேண்டும். எடை ஏறுகிற கால் நேராகி நிற்கவேண்டும். இடுப்பசைவு அந்தக் கால் நேராவதால் தானாக வருவது. இடுப்பைத் தனியாக ஆட்டினால் குத்து வாடை வந்துவிடும். சுவரில் உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அதை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து பழகுங்கள். இரண்டு வாரத்தில் குதிப்பு அடங்கும். குத்தை விட்டுவிடவேண்டாம், சம்பா கற்க வரும்போது அந்த முழங்கால் வேலைக்கு ஆகும்.

தண்டையார்பேட்டை வாசகி: பால்ரூம் ஷூ வாங்கியே ஆகணுமா? கட்ஷூ போதாதா? வாங்கினால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வாங்கியே ஆகவேண்டும். முதல் செலவு அதுதான், துணியெல்லாம் அப்புறம். நடன ஷூவின் அடிப்பாகம் மெல்லிய ஸ்வேட், அதாவது மேலே ரோமம் மாதிரி எழும்பிய தோல். வழுக்கவும் செய்யும், தேவையான இடத்தில் பிடிக்கவும் செய்யும். ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் இறங்கும்.

பெண்களுக்கு முதல் ஜோடிக்கு 2 அல்லது 2½ அங்குல ஹீல் போதும். ஆண்களுக்கு வால்ட்ஸ் வகை நடனங்களுக்கு சுமார் 1 அங்குலம், லத்தீனுக்கு 1½ அங்குலம். அளவு இறுக்கமாக இருக்கட்டும். லத்தீன் செருப்பில் விரல் நுனி விளிம்பைத் தொடவேண்டும். ‘கொஞ்சம் லூசா இருந்தா காத்தோட்டமா இருக்கும்’ என்று வாங்கினால் ஷூவுக்குள் பாதம் நகர்ந்து கொப்புளம் போடும்.

வாசலுக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கடலோர ஈரக்காற்றில் ஸ்வேட் தூசியை இழுத்துக்கொண்டு பளபளவென்று படிந்துவிடும்; அப்புறம் வழுக்கும். கம்பி பிரஷ்ஷால் நாலைந்து தடவை கோதினால் ரோமம் எழும். நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள், கோந்து விட்டுவிடும். உள்ளே தினத்தந்தி ஒரு தாளைக் கசக்கித் திணித்து ஃபேன் காற்றில் வையுங்கள்.

வழுக்குகிற தரை என்றால் ஷூ அடியில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொள்கிற பழக்கம் உலகம் முழுக்க உண்டு. ஆனால் பல மண்டபங்களில் தடை. தரையில் கறை பிடித்து, அடுத்து வருகிறவர் கால் அதில் மாட்டும். ஈரத்துணியில் லேசாக ஒற்றிக்கொள்வது போதும். பளபளக்கும் பேட்டன்ட் தோல் ஷூ இருந்தால் உள்பக்க விளிம்பில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கால் சேர்க்கும்போது இரண்டு ஷூவும் ஒட்டி ‘கீச்’ என்று இழுப்பதால்தான் பல பேர் தடுமாறுகிறார்கள்.

எருக்கஞ்சேரி வாசகர்: இது ஒலிம்பிக்கில் இருக்கிறதா?

இல்லை. உலக நடன விளையாட்டு அமைப்பை ஒலிம்பிக் கமிட்டி 1997-இல் அங்கீகரித்தது. ஆனால் பாரிஸ் 2024-க்குப் போனது பிரேக்கிங் என்கிற பிரேக் டான்ஸ் மட்டுமே. ஜோடி நடனம் 2010 குவாங்சௌ ஆசிய விளையாட்டில் இருந்தது. பத்துத் தங்கம், பத்தையும் சீனா எடுத்துக்கொண்டது.

எம்.கே.பி. நகர் தம்பதி: பயிற்சிக்கு இடமில்லை. மொட்டை மாடியில் ஆடலாமா?

தாளம், கை, நடை பழகலாம். சுற்றல் வேண்டாம். சிமென்ட் தரை ஸ்வேட்டை ஒரே மாதத்தில் தின்றுவிடும். கால் சறுக்காததால் முழங்காலும் கெடும். மாடிக்கென்று பழைய தோல் அடிப்பாகம் வைத்த ஷூ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் பளபளக்கும் டைல்ஸ் என்றால் எதிர்ப் பிரச்சனை, இரண்டு சொட்டு வியர்வை விழுந்தால் பனிக்கட்டி. பழைய வீடுகளின் சிவப்புக் காவித் தரையும் மொசைக்கும் எவ்வளவோ மேல். காய்ந்த துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டு ஆடுங்கள்.

ஆனால் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போதாவது பெரிய தரை வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். மானேஜரிடம் காலை 6 முதல் 8 வரை என்று மணிக்கணக்கில் பேசிப் பாருங்கள். மூன்று நாலு ஜோடி சேர்ந்தால் செலவு பிரிந்துவிடும். கிரானைட் தரை கடினம்தான், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆடவேண்டாம்.

மண்டபம் கிடைத்ததும் நாலு மூலையிலும் நாலு நாற்காலி போடுங்கள். வால்ட்ஸ், டேங்கோ, குவிக்ஸ்டெப் மாதிரி நகரும் நடனங்களில் எல்லா ஜோடியும் இடஞ்சுழியாக, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் போகவேண்டும். வீட்டு ஹாலில் பழகியவர்களுக்கு ‘ஜன்னல் பக்கம் இந்த ஸ்டெப், டிவி பக்கம் அந்த ஸ்டெப்’ என்று மனசில் பதிந்திருக்கும். போட்டி மண்டபத்தில் ஜன்னலும் இல்லை, டிவியும் இல்லை; இரண்டாம் மூலையில் ஸ்டெப் மறந்து நிற்பார்கள். அதனால் ஒவ்வொரு நாளும் வேறு மூலையில் இருந்து தொடங்குங்கள். மற்ற ஜோடியையும் சேர்த்து ஆடவிட்டு, வழி மறித்தால் நிற்காமல் இடத்திலேயே ஆடிச் சமாளிக்க ஒரு ஸ்டெப்பைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மோதாமல் ஓட்டுகிற திறமையை ஜட்ஜும் பார்ப்பார். மூலக்கடை ஜங்ஷனில் வண்டி ஓட்டுகிறவருக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

பெரம்பூர் வாசகர்: எங்க தாத்தா ரயில்வேயில் இருந்தவர். கிறிஸ்மஸ் டான்ஸில் ஆடுவார், வீட்டில் எல்லோருக்கும் வால்ட்ஸ் தெரியும். நானும் அப்படித்தான் கற்றேன். போட்டியில் ‘பந்து மாதிரி குதிக்கிறாய்’ என்று சொல்லிவிட்டார்கள். எங்கே தப்பு?

பெரம்பூர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் வால்ட்ஸ் சமூக நடனம். நெருக்கமான ஹால், சின்ன அடி, பேச்சும் சிரிப்புமாகப் போகிற ஆட்டம். அதில் தப்பே இல்லை. தாளமும் துணையோடு இசைவும் உங்களுக்கு இலவசமாக வந்திருக்கிறது. போட்டி வால்ட்ஸ் வேறு இலக்கணம். இங்கிலாந்தின் இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்சிங் 1924-இல் பால்ரூமுக்குத் தனிப் பிரிவு தொடங்கி, எந்த அடியில் குதிகால், எந்த அடியில் நுனி, எப்போது எழும்புவது என்று வரையறுத்தது. இன்றைய பாடத்திட்டத்தின் வேர் அங்கே.

குதிப்பு வரும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ‘தகிட’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஆண் முன்னால் போகிறபோது ‘த’வில் குதிகால் முதலில் தரையில் படும், முழங்கால் மடங்கியே இருக்கும். அந்த அடியின் கடைசியில்தான் எழும்பத் தொடங்குவது. ‘கி’ பக்கத்து அடி, பாத நுனியில், எழுச்சி தொடரும். ‘ட’வில் கால் சேரும், இன்னமும் மேலேதான் இருக்கிறீர்கள். ‘ட’வின் வாலில் குதிகால் மெதுவாகத் தரைக்கு வரும். வந்த பிறகு அதே காலின் முழங்கால் மடங்கும். மடங்கிய பிறகுதான் அடுத்த கால் கிளம்பும்.

உங்களுக்கு நடப்பது இது: ‘த’வில் கால் வைத்த உடனே எழும்பிவிடுகிறீர்கள். மேலே போக நேரம் மிச்சமாகி, ‘ட’ வருவதற்குள் விழுந்தும் விடுகிறீர்கள். அடுத்த ‘த’வுக்கு முழங்கால் நேராக நிற்கிறது, அடி குட்டையாகிறது, குதிகால் ‘டொக்’ என்று இடிக்கிறது. ஒரு பாருக்கு ஒரு குதி, ஒன்றரை நிமிடத்துக்கு 45 குதி.

மருந்து: பாட்டு இல்லாமல், ‘ட’வை இரண்டு மடங்கு நீட்டி, கால் சேர்த்து நுனியில் நின்று பழகுங்கள். முதலில் சுவரில் ஒரு கை வைத்துக்கொள்ளலாம். தினம் பத்து நிமிடம் போதும். ஃபோனை நாற்காலியில் இடுப்பு உயரத்தில் வைத்து வீடியோ எடுங்கள். பின்னால் ஜன்னலின் குறுக்குக் கம்பி தெரியட்டும். தலை கம்பியைத் தாண்டி எழுவதும் இறங்குவதும் அலை மாதிரி இருந்தால் சரி, ரம்பப் பல் மாதிரி இருந்தால் இன்னும் பத்து நாள்.

கீழே கால் பார்ப்பதையும் விடுங்கள். தலை சுமார் 5 கிலோ. அது முன்னால் சாய்ந்தால் துணைவியின் மேல் சுமை ஏறும். எட்டு ஜோடி ஒரே நேரத்தில் ஆடினால் ஒன்றரை நிமிடத்தில் ஜட்ஜுக்கு உங்களுக்கென்று கிடைப்பது 11 விநாடி. அந்த 11 விநாடியில் தொங்கிய தலை முதலில் கண்ணில் படும்.

ராயபுரம் வாசகர்: எனக்கு 57, மனைவிக்கு 52. ஹார்பர் வேலை முடித்தாயிற்று. ஆடினால் ஞாபகமறதி வராது என்கிறார்கள். உண்மையா? முழங்கால் கொஞ்சம் வலிக்கும். இந்த வயதில் போட்டியா?

வயதானவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. உலக அமைப்பின் கணக்குப்படி ஒருவருக்கு 55, மற்றவருக்கு 50 ஆகியிருந்தால் சீனியர் மூன்றாம் பிரிவு. உங்களுக்கு அது பொருந்தும். உள்ளூர் அமைப்பாளர்கள் பிரிவுகளைச் சேர்த்து நடத்துவதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாபகமறதிக் கதைக்கு மூலம் 2003-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயது கடந்த 469 பேரைப் பல வருஷம் கவனித்தார்கள். உடல் சார்ந்த பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதிநோய் குறைவோடு சேர்ந்து வந்தது. ஆனால் அது பார்த்துக் குறித்த ஆய்வு, மருந்து கொடுத்துச் சோதித்தது இல்லை. ஆடியதால் மறதி வரவில்லையா, மறதி தொடங்காதவர்கள்தான் ஆடப் போனார்களா என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அவர்கள் ஆடியதும் போட்டி நடனம் இல்லை. வாசிப்பும் போர்டு விளையாட்டும் வாத்தியமும் அதே நல்ல பட்டியலில் இருந்தன. கேரம் போர்டைப் பரணில் போடவேண்டாம் என்பதற்குச் சொல்கிறோம்.

முழங்காலுக்கு: வால்ட்ஸும் ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜைவும் குவிக்ஸ்டெப்பும் குதிக்கிற நடனங்கள், விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் நடந்து உடம்பு சூடான பிறகு ஆடத் தொடங்குங்கள். திரும்பும்போது எடை பாத முன்பகுதியில் இருக்கவேண்டும். குதிகால் தரையில் அழுந்தியிருக்கும்போது திரும்பினால் வலி கூடும். ஆடி முடித்த மறுநாளும் வீக்கம் இருந்தால் எலும்பு டாக்டரைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம்.

மாதவரம் வாசகி: ஆட ஜோடி இல்லை. என்ன செய்வது?

பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு. எல்லா வகுப்பிலும் இதே கதைதான். மூன்று வழி. ஆசிரியரோடு மாணவி ஆடுகிற ‘புரோ-ஆம்’ பிரிவு சில போட்டிகளில் உண்டு. ஆசிரியர் நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டவேண்டும் என்பதால் செலவு அதிகம், ஆனால் வேகமாகக் கற்பீர்கள். பெண்-பெண் ஜோடியை ஏற்கும் போட்டிகள் உண்டு, தனியாள் பிரிவு வைப்பவர்களும் உண்டு. படிவம் நிரப்பும் முன் விதியை வாசியுங்கள்.

மூன்றாவது வழி ஜோடி தேடுவது. உயர வித்தியாசம் நாலிலிருந்து ஆறு அங்குலம் இருந்தால் வால்ட்ஸ் பிடிக்கு வசதி, லத்தீனுக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். ஒருவர் கிடைத்தால் உடனே ஒப்புக்கொள்ளாமல் ஒரு மாதம் பார்ப்போம் என்று சொல்லுங்கள். வாரம் எத்தனை நாள், யார் எவ்வளவு செலவு, எந்தப் போட்டி வரை என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நடன ஜோடிகள் பிரிவது ஸ்டெப் தகராறில் குறைவு, ‘வரேன்னு சொல்லிட்டு வரலை’யில்தான் அதிகம்.

கொருக்குப்பேட்டை வாசகி: மாமியார் வீட்டில், கல்யாணமான பெண் வேறு ஆண் கையைப் பிடித்து ஆடுவதா என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

வாயால் சொல்வதைவிட ஒரு பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பத்து நிமிடம் பார்த்தால் போதும். ‘தோளை இறக்கு, முழங்கையைத் தூக்கு, மறுபடி முதலில் இருந்து’ என்று கேட்டுக் கேட்டு அவர்களே சலித்துப்போவார்கள். பிடியில் கை போகும் இடம் எல்லாம் வரையறுத்தது: ஆணின் வலது கை பெண்ணின் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, பெண்ணின் இடது கை அவர் மேல்கையில், மற்ற இரண்டு கையும் கோர்த்தபடி. சங்கடமாக இருந்தால் லத்தீன் பிரிவில் தொடங்குங்கள், இடைவெளி அதிகம். கணவர் வர விரும்பினால் இன்னும் நல்லது.

இதோடு ஒன்று. ‘திருத்துகிறேன்’ என்று தொடுவதற்கு முன் ஆசிரியர் கேட்கவேண்டும். கேட்காத இடத்தில், பிடிக்காத தொடுதல் இருக்கிற இடத்தில், கட்டிய ஃபீஸ் போனாலும் பரவாயில்லை என்று வெளியே வந்துவிடுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை டெய்லர்: நம்ம கடைக்கு இப்போ டான்ஸ் போட்டித் துணி தைக்கச் சொல்லி வர்றாங்க. சாதா பேன்ட், சட்டை, பாவாடை மாதிரியே தைச்சுக் குடுத்தேன். ஆடும்போது சட்டை வெளியே வந்துடுச்சாம். எப்படித் தைக்கணும்?

நல்ல கேள்வி, அண்ணே. இந்தப் பக்கத்திலேயே தைக்க ஆள் இருந்தால் பல பேர் பிழைப்பார்கள்.

ஆண் சட்டை: அடிப்பக்கத்தை ஜட்டி மாதிரி துணியோடு சேர்த்துத் தைத்து, கீழே ஹூக் வையுங்கள். வெளியே வர வழியே இருக்காது. அக்குளில் டைமண்ட் வடிவில் ஒரு துண்டு போடுங்கள். ட்ரையல் பார்க்கும்போது ஆளைக் கை தொங்கவிட்டு நிறுத்தாதீர்கள். இரண்டு முழங்கையையும் தோளுக்குப் பக்கம் உயர்த்திப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் தோள் தையல் காதுக்கு எழும்பக்கூடாது. பேன்ட் இடுப்பு உயரமாக, பக்கவாட்டுப் பாக்கெட் இல்லாமல், உள்ளே சஸ்பெண்டர் பட்டனோடு. நுழைவுப் பிரிவுகளில் பெரும்பாலும் வெள்ளைச் சட்டை, கருப்பு பேன்ட், கருப்பு டை.

பெண் பாவாடை: முழு வட்டம் என்றால் இடுப்பை 6.28-ஆல் வகுங்கள், அதுதான் நடு ஓட்டையின் ஆரம். 28 அங்குல இடுப்புக்கு சுமார் 4½ அங்குலம். இழுபடும் லைக்ராவாக இருந்தால் கால் அங்குலம் குறைக்கலாம். வெட்டியதும் மடிப்பு தைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிடுங்கள், குறுக்கு இழை போகிற இடம் கீழே இறங்கும். இறங்கியதைச் சமமாக வெட்டிவிட்டு அப்புறம் மடியுங்கள். இல்லையென்றால் ஒருபக்கம் தூக்கி ஒருபக்கம் இறங்கி நிற்கும். உள்ளே ஜட்டி சேர்த்தே தைக்கவேண்டும். சுற்றும்போது பாவாடை எழும்பும். ஊசி பால்பாயின்ட், தையல் சிக்ஜாக் அல்லது ஓவர்லாக். நேர்த்தையல் போட்டால் ஒரே நீட்டலில் நூல் அறுந்துவிடும்.

கல் வைப்பது, மினுக்குவது எல்லாம் ஆரம்பப் பிரிவில் பல இடங்களில் அனுமதி இல்லை. வாடிக்கையாளரிடம் விதித்தாளைக் கேட்டு வாங்குங்கள். துணி எடுக்க எம்.சி. ரோடு உங்கள் வாசலிலேயே இருக்கிறது. வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு ‘உடம்புக்கு பிரவுன் கலர் பூசணுமா?’ என்றும் சிலர் கேட்கிறார்கள். வெளிறிய தோலுக்காக அவர்கள் பூசுவது. நமக்கு அந்தச் செலவு மிச்சம்.

எண்ணூர் தம்பதி: போட்டிக்கு 12 வாரம் இருக்கிறது. எப்படிப் பிரித்துப் பழகுவது? பழகும்போதெல்லாம் சண்டை வருகிறது. இவர் ‘நீ லேட்’ என்கிறார், நான் ‘நீங்கதான் ஃபாஸ்ட்’ என்கிறேன்.

முதல் நாலு வாரம் ஸ்டெப்பை முடிவு செய்து பூட்டுங்கள். பிரிவுக்கு அனுமதித்த ஸ்டெப்தானா என்று மாஸ்டரிடம் பட்டியலை வைத்துச் சரிபாருங்கள். மேல்நிலை ஸ்டெப்பைக் கீழ்ப்பிரிவில் ஆடினால் தண்டனை உண்டு. அடுத்த நாலு வாரம் முழுப் பாட்டுக்கு, மூலை மாற்றி மாற்றி. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ‘ரவுண்டு’: போட்டியில் வருகிற வரிசையில் எல்லா நடனமும், நடுவே 20 விநாடி மட்டும் மூச்சு வாங்க. இதைச் செய்யாதவர்கள்தான் இரண்டாம் நடனத்தில் தோள் தொங்கி நிற்பார்கள். கடைசி வாரம் பாதி நேரம் போதும். போட்டித் துணியும் ஷூவும் போட்டு ஒரு நாள் முழு ஒத்திகை.

வாரம் மூன்று நாள், நாளுக்கு 90 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். 15 உடம்பு சூடாக, 20 தனித்தனியாக அடிப்படை, 40 ஜோடியாக, 15 ரவுண்டு. போட்டியன்று இரண்டு மூன்று மணி முன்னால் இட்லியோடு நிறுத்துங்கள், பிரியாணி முடிவு வந்த பிறகு. பையில் வாழைப்பழம், கடலைமிட்டாய், தண்ணீர், கம்பி பிரஷ், நாலைந்து ஊக்கு. முதுகில் நம்பர் குத்த ஊக்கு தேடி அலைவது எல்லாப் போட்டியிலும் உண்டு. ஏசி மண்டபத்தில் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே மேலே ஒரு ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், தசை இறுகிவிடும்.

சண்டைக்கு: ஒரு பாட்டு முடியும் வரை இரண்டு பேரும் வாய் திறக்கக்கூடாது. முடிந்ததும் அவரவர் தன் தப்பு ஒன்றை மட்டும் சொல்லவேண்டும், அடுத்தவர் தப்பை மாஸ்டர் சொல்லட்டும். யார் லேட், யார் ஃபாஸ்ட் என்பது பேசித் தீர்கிற விஷயம் இல்லை. ஃபோனில் மெட்ரோனோம், அதாவது ஒரே வேகத்தில் தாளம் தட்டுகிற ஆப், இலவசமாகவே கிடைக்கும். வால்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 88 தட்டில் வையுங்கள். கையை விட்டுவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் நின்று, தனித்தனியாக இரண்டு நிமிடம் ஆடி, அதை வீடியோ எடுத்துப் பாருங்கள்.